ஒட்டினால்தான் வெட்டு: சுரக்கப்படும் பாஸ்போலிபேஸ் ஏ2 செல் சவ்வில் வேலை செய்யும் விதம் – முழுமையான வழிகாட்டி

செல் சவ்வைக் கட்டும் கொழுப்பு வகையான பாஸ்போலிப்பிடின் இரண்டாம் இடத்து எஸ்டர் பிணைப்பைச் சுரக்கப்படும் பாஸ்போலிபேஸ் ஏ2 என்ற நொதி நீராற்பகுக்கும், அதாவது நீரைக்கொண்டு வெட்டும். ஒரு கொழுப்பு அமிலமும், ஒரு வாலை இழந்த லிப்பிடான லைசோபாஸ்போலிப்பிடும் கிடைக்கும். பாடநூல் இந்த ஒரு வரியோடு நகர்ந்துவிடும். அதை மட்டும் நம்பி ஆய்வுக்கூடத்தில் இறங்கினால் முதல் நாளே குழப்பம்தான். அதே நொதி, அதே லிப்பிட், அதே செறிவு. ஒரு குழாயில் சீறிப் பாய்கிறது, பக்கத்துக் குழாயில் அசையவே இல்லை.

நொதி நீரில் கரைந்தது, லிப்பிட் கரையாதது. இரண்டும் சந்திக்கும் இடம் சவ்வின் மேற்பரப்பு ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு அளவீட்டுக்குள்ளும் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: நொதி ஒட்டியதா? ஒட்டியபின் வெட்டியதா? இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகினால் இந்த நொதியின் முரண்பாடுகளில் முக்கால்வாசி தானாகவே தீர்ந்துவிடும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் பிரிப்பைச் சுற்றித்தான் போகிறது.

நொதியின் பாகங்கள்

சுரக்கப்படும் பாஸ்போலிபேஸ் ஏ2 சிறிய புரதம். பெரும்பாலானவை 13 முதல் 19 கிலோடால்டன் வரை. கணக்குப் போட 14 என்று வைத்துக்கொள்ளலாம். கணையத்தில் சுரப்பது 1பி வகை. அழற்சியின்போது ரத்தத்தில் ஏறுவதும், கண்ணீரில் எப்போதும் இருப்பதும் 2ஏ வகை. தேனீ நஞ்சில் இருப்பது 3ஆம் வகை. மனித உடலில் 5, 10 ஆகிய வகைகளும் உண்டு. நாகப் பாம்பின் நஞ்சு நொதி 1ஏ, விரியனுடையது 2ஏ அல்லது 2பி.

கணைய நொதி முன்னொட்டுடன், வேலை செய்யாத நிலையில் சுரக்கும். டிரிப்சின் அந்தச் சிறு துண்டை வெட்டியபின்தான் நுனிச் சுருள் சரியாக மடிந்து, சவ்வில் ஒட்டும் முகம் உருவாகும். வெட்டும் இடம் இதற்கு முன்பே கிட்டத்தட்ட தயாராகத்தான் இருக்கும். முன்வடிவ நொதி தனித்தனியாகக் கரைந்த லிப்பிடை மெதுவாக வெட்டும், மைசெல்லை (லிப்பிடுகள் திரண்ட சிறு உருண்டையை) கண்டாலும் அதன் வேகம் ஏறாது. ஒட்டுவதும் வெட்டுவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேட வேண்டியதில்லை.

மனதில் இருத்த வேண்டிய பாகங்கள் நான்கு.

ஒட்டும் முகம்: நொதியின் ஒரு பக்கம் தட்டையாக, வெட்டும் இடத்தின் வாயைச் சுற்றி வளையம்போல் இருக்கும். அதில் நீர் வெறுக்கும் அமினோ அமிலங்களும் நேர்மின் அமினோ அமிலங்களும் கலந்திருக்கும். எது அதிகம் என்பதைப் பொறுத்து அந்த நொதிக்குப் பிடித்த சவ்வு மாறும்.

கால்வாய்: அந்த வாயிலிருந்து உள்ளே போகும் நீர் வெறுக்கும் குழி, சுமார் 14 ஆங்ஸ்ட்ராம் ஆழம். லிப்பிடின் வால்கள் இதற்குள் ஏறும்.

கால்சியம் வளையம்: 28, 30, 32ஆம் இடங்களின் முதுகெலும்பு ஆக்சிஜன்களும் 49ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலத்தின் இரண்டு ஆக்சிஜன்களும் ஒரு கால்சியம் அயனியைப் பிடித்து வைத்திருக்கும். மீதி இரண்டு இடங்களில் நீர்.

வினையூக்கி ஜோடி: 48ஆம் இடத்து ஹிஸ்டிடின், அதற்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும் 99ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலம். இவை கணைய நொதியின் எண்ணிக்கைப்படி. தேனீ நொதியில் அதே ஹிஸ்டிடின் 34ஆம் இடம். கட்டுரைகளை ஒப்பிட்டுப் படிக்கும்போது இந்த எண் மாற்றம் பலரையும் தடுக்கி விழவைக்கும்.

இத்தனையையும் கட்டிவைப்பது 5 முதல் 8 வரையிலான டைசல்பைடு (கந்தகம்-கந்தகம்) பிணைப்புகள். அதனால் இது சூட்டுக்கு லேசில் அசையாது, ஆனால் அந்தப் பிணைப்புகளை உடைக்கும் டைதயோத்ரைட்டால் போட்டால் அவிழ்ந்துவிடும். செல்லுக்கு வெளியே இயங்கும் நொதி என்பதற்கும் இதுவே அடையாளம்: வெளியே தனிக் கால்சியம் சுமார் 1.2 மில்லிமோலார், உள்ளே ஓய்வுநிலையில் 100 நானோமோலார் மட்டும். செல்லின் உட்புறம் டைசல்பைடுகளை ஒடுக்கும் சூழலும்கூட. இரண்டு வகையிலும் அது உள்ளே வேலை செய்ய வாகான இடமல்ல.

படி 1: மேற்பரப்பில் ஒட்டுதல்

நொதி முழுவதுமாகச் சவ்வுக்குள் நுழைவதில்லை. தட்டை முகத்தைத் தலைப்பகுதிகளின் மேல் அமர்த்தி, ஓரிரு நீர் வெறுக்கும் பக்கக் கிளைகளை மட்டும் உள்ளே செருகும். முகத்துக்கும் சவ்வுக்கும் இடையிலிருந்த நீர் விலகும்.

இங்கே மின்சுமைதான் முதல் ஆட்டக்காரர். 2ஏ வகை மிகவும் நேர்மின் தன்மை கொண்டது. பாஸ்பாடிடில்கிளிசரால், பாஸ்பாடிடில்செரின் போன்ற எதிர்மின் லிப்பிடுகளில் பசைபோல் ஒட்டும். பாஸ்பாடிடில்கோலின் மட்டுமே உள்ள சவ்வைக் கண்டுகொள்ளாது. 5, 10 வகைகளின் ஒட்டும் முகத்தில் டிரிப்டோபன் இருப்பதால் கோலின் சவ்விலும் அமரும். 2ஏ வகையின் 3ஆம் இடத்து வாலினை டிரிப்டோபனாக மாற்றினால் கோலின் சவ்வின் மீதான அதன் வேகம் பல மடங்கு ஏறுகிறது. வெட்டும் இடத்தில் யாரும் கைவைக்கவில்லை. ஒட்டுவது மாறியது, வேகமும் மாறியது.

அடுத்த ஆட்டக்காரர் நெருக்கம். லிப்பிட் ஒற்றைப்படலத்தின் பக்கவாட்டு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு நொதியும் ஓர் எல்லையில் நின்றுவிடும். கோலின் படலத்தில் பன்றிக் கணைய நொதி மீட்டருக்கு 20 மில்லிநியூட்டனைத் தொடுவதற்கு முன்பே நிற்கும். நாகப்பாம்பு, தேனீ நொதிகள் 35ஐ ஒட்டிவரை தாக்குப்பிடிக்கும். சிவப்பணுவின் வெளிப்படலம் 31 முதல் 35 வரையிலான அழுத்தத்துக்குச் சமம் என்று 1975இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இந்த ஒப்பீட்டிலிருந்துதான் கணித்தார்கள். முழுச் சிவப்பணுவைக் கணைய நொதி தொடாமல் விடுவதும், தேனீ நொதி கடித்துக் குதறுவதும் இதனால்தான்.

படி 2: லிப்பிட் மேலே ஏறுதல்

ஒட்டிய நொதிக்கு அடுத்த தேவை, ஒரு லிப்பிட் தன் வரிசையிலிருந்து எழும்பி கால்வாய்க்குள் வருவது. இருபடலத்தில் ஒவ்வொரு லிப்பிடும் சுமார் 0.65 சதுர நானோமீட்டர் இடம் பிடித்து, அண்டை வால்களோடு நெருங்கி நிற்கும். அதைப் பகுதியளவு வெளியே எடுக்க ஆற்றல் வேண்டும். நீர் நீக்கப்பட்ட முகத்தின் கீழே நடப்பதால், வால் நீரைத் தொடாமல் சவ்விலிருந்து கால்வாய்க்கு வழுக்கிச் செல்ல முடிகிறது. அந்தச் சலுகை இல்லையென்றால் இந்த வினையே நடக்காது.

அண்டைகளின் பிடி தளர்ந்திருக்கும் இடத்தில் லிப்பிட் எளிதாக எழும்பும். பாதி உறைந்து பாதி உருகிய திட்டுகளின் எல்லை, ஆக்சிஜனேறிய வால்கள் உள்ள இடம், அதிக வளைவுள்ள சிறு குமிழிகள் எல்லாம் அப்படிப்பட்டவை. டைபால்மிட்டாயில் பாஸ்பாடிடில்கோலின் லைபோசோமை (லிப்பிட் இருபடலத்தால் செய்த செயற்கைக் குமிழியை) அதன் உருகு வெப்பநிலையான 41 டிகிரி செல்சியஸுக்கு அருகில் வைத்தால் நொதி பாய்வதும், 25 டிகிரியிலோ 55 டிகிரியிலோ தயங்குவதும் இதன் விளைவு.

படி 3: வெட்டு

உள்ளே வந்த லிப்பிடின் பாஸ்பேட் ஆக்சிஜனும் இரண்டாம் இடத்து கார்பனைல் ஆக்சிஜனும் கால்சியத்தின் மேலிருந்த இரண்டு நீர்களை விலக்கிவிட்டு உட்காரும். 48ஆம் ஹிஸ்டிடின் அருகிலுள்ள ஒரு நீரிலிருந்து புரோட்டானை இழுக்கும். அந்த நீர் கார்பனைல் கார்பனைத் தாக்கும். நான்முக இடைநிலையின் எதிர்மின்னைக் கால்சியமும் 30ஆம் கிளைசினின் நைட்ரஜன்-ஹைட்ரஜனும் தாங்கும். ஹிஸ்டிடின் தான் வாங்கிய புரோட்டானை வெளியேறும் ஆக்சிஜனுக்குக் கொடுக்கும். பிணைப்பு அறும்.

வழக்கமான லைபேஸ்களில் செரின் ஒன்று நடுவில் கொழுப்பு அமிலத்தைப் பிடித்து வைத்திருக்கும். இங்கே அப்படி இடைத்தரகர் கிடையாது, நீர் நேரடியாகத் தாக்குகிறது. ஆகவே செரினைப் பிடிக்கும் தடுப்பான்கள் இதன்மேல் பலிக்காது. ஹிஸ்டிடினைப் பிடிக்கும் பாரா-புரோமோபினாசில் புரோமைடு கொன்றுவிடும்.

49ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதில் லைசின் கொண்ட விரியன் நஞ்சுப் புரதங்கள் உண்டு. அவை கால்சியத்தைப் பிடிக்கா, எதையும் வெட்டா. ஆனாலும் தசைச் செல்லின் சவ்வைச் சிதைக்கும். சவ்வு சேதமானது என்பதாலேயே வெட்டு நடந்தது என்று எழுதிவிட வேண்டாம்.

படி 4: பொருள் சவ்வில் தங்கினால் என்ன ஆகும்

வெட்டியபின் நொதிக்கு இரண்டு வழிகள். சவ்வை விட்டுக் கிளம்பி வேறு குமிழிக்குத் தாவலாம். அல்லது அதே மேற்பரப்பில் சறுக்கிக்கொண்டே அடுத்த லிப்பிடை, அதற்கடுத்ததை என்று வெட்டிக்கொண்டே போகலாம். எதிர்மின் சவ்வில் சறுக்கல்தான். கோலின் சவ்வில், உப்பு அதிகமுள்ள கரைசலில், தாவல் மேலோங்கும்.

வெட்டுண்ட இரண்டு பொருள்களின் வடிவம் கவனிக்கத்தக்கது. முழு பாஸ்பாடிடில்கோலின் கிட்டத்தட்ட உருளை. லைசோ வடிவத்துக்குத் தலை பெரிது, வால் ஒன்றே ஒன்று. படலத்தை வெளிப்புறமாக உப்பவைக்கும். கொழுப்பு அமிலத்துக்குத் தலை சிறிது, எதிர்த்திசையில் வளைக்கும். இரண்டும் ஒன்றுக்கு ஒன்றாக ஒரே படலத்தில் தங்கினால் வளைவுகள் ஒன்றையொன்று ஈடுகட்டி, சவ்வு உடையாமல் நிற்கும். தேனீ அல்லது நாகப்பாம்பு நொதி சிவப்பணுவின் கோலின் லிப்பிடில் பாதிக்கு மேல் வெட்டியபின்பும் ஹீமோகுளோபின் வெளியே வராத காட்சி இதனால்தான். அதோடு ஸ்பிங்கோமயலின் என்ற இன்னொரு சவ்வு லிப்பிடை வெட்டும் ஸ்பிங்கோமயலினேஸும் சேர்ந்தால் கதை முடிந்தது, செல் உடைந்துவிடும்.

ஈடுகட்டல் நிரந்தரமல்ல. கொழுப்பு அமிலம் நொடிகளுக்குள் மறுபடலத்துக்குப் புரளும். லைசோ வடிவம் மணிக்கணக்கில் வெளிப்படலத்திலேயே கிடக்கும். ஆகவே ஒரு பக்கம் வளைவு ஏறிக்கொண்டே போகும். நரம்பு முனையில் இது பெரிய விஷயம். பாம்பு நரம்பு நஞ்சுகள் உண்டாக்கும் வீக்கத்தை, லைசோபாஸ்போலிப்பிடும் கொழுப்பு அமிலமும் சம அளவில் கலந்த கலவையே உண்டாக்கியதை 2005இல் ஒரு இத்தாலியக் குழு காட்டியது.

பொருள்கள் சேரச்சேர நொதிக்கும் நல்லது. கொழுப்பு அமிலம் எதிர்மின்னைக் கொண்டுவருகிறது, அடுக்கு தளர்கிறது, ஒட்டுவது கூடுகிறது, வெட்டு கூடுகிறது. கோலின் லைபோசோமில் முதலில் நீண்ட மந்தநிலையும், பிறகு திடீர் வெடிப்பும் தெரிவது இதன் அடையாளம். சவ்வில் 8 முதல் 10 மோல் சதவீதம்வரை பொருள் சேர்ந்ததும் வெடிக்கும். சோதிக்க எளிய வழி: லைசோபாஸ்பாடிடில்கோலினும் கொழுப்பு அமிலமும் சம அளவில், மொத்தம் 10 மோல் சதவீதம் கலந்து லைபோசோம் செய்யுங்கள். மந்தநிலை காணாமல்போகும் அல்லது வெகுவாகச் சுருங்கும்.

எந்தச் சவ்வு தப்பிக்கும்

ஆரோக்கியமான செல்லின் வெளிப்படலத்தில் கோலின் லிப்பிடும் ஸ்பிங்கோமயலினும் மிகுதி; செரின் லிப்பிட் உட்படலத்தில் பத்திரமாக இருக்கும். 2ஏ வகைக்கு அங்கே பிடிமானம் இல்லை. செல் சாகத் தொடங்கி செரின் லிப்பிட் வெளியே புரண்டாலோ, கால்சியம் உள்ளே வெள்ளமாகப் பாய்ந்து சவ்வு தளர்ந்தாலோ கதவு திறந்துவிடும். பாக்டீரியச் சவ்வில் பாஸ்பாடிடில்கிளிசரால் எப்போதும் வெளியே தெரியும். கண்ணீரிலுள்ள 2ஏ வகை கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாக்களைக் கொன்றுவிட்டு, பக்கத்திலுள்ள நம் செல்களை விட்டுவைப்பதன் ரகசியம் இதுவே.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த நொதிகள் ஏற்பிப் புரதங்களிலும் ஒட்டும். எம்-வகை ஏற்பி எனப்படுவது சிறுநீரகத்தின் சவ்வுசார் நெப்ரோபதி நோயில் தன்னெதிர்ப்பொருள்கள் குறிவைக்கும் முக்கிய இலக்கு என்பது 2009இல் தெரியவந்தது. ஆக, செல்லில் ஒரு விளைவைக் கண்டால் அது வெட்டால் வந்ததா, ஏற்பியால் வந்ததா என்று பிரிக்க வேண்டும். அதற்கு பாரா-புரோமோபினாசில் புரோமைடால் செயலிழக்கச் செய்த அதே நொதியை இணையாக ஓட்டுங்கள்.

அளந்து பார்த்தல்: தயோ லிப்பிட் முறை

தொடங்குவதற்கு இதைவிட எளிய முறை கிடையாது. டைஹெப்டனாயில் தயோ-பாஸ்பாடிடில்கோலினில் வெட்டப்படும் இடத்தில் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம். வெட்டியவுடன் தயோல் வெளிவரும். எல்மன் வினைப்பொருள் அதைப் பிடித்து மஞ்சளாகும். 412 நானோமீட்டரில் படிக்கலாம்.

பஃபர்: 25 மில்லிமோலார் டிரிஸ், பி.எச். 7.5, கால்சியம் குளோரைடு 10 மில்லிமோலார், பொட்டாசியம் குளோரைடு 100 மில்லிமோலார், டிரைட்டன் எக்ஸ்-100 (சோப்புபோன்ற பொருள்) 0.3 மில்லிமோலார். லிப்பிடின் எத்தனாலை நைட்ரஜன் ஊதி உலர்த்தி, இந்த பஃபரில் சுமார் 1.5 மில்லிமோலாருக்குக் கரைத்து, தெளிவாகும்வரை சுழற்றுங்கள். எல்மன் வினைப்பொருள் இறுதியில் 0.4 மில்லிமோலார். கடைசியில் நொதி.

பாஸ்பேட் பஃபர் வேண்டவே வேண்டாம். கால்சியம் பாஸ்பேட் வீழ்படிவாகி கரைசலைக் கலக்கும், கால்சியத்தையும் தின்றுவிடும்.

கணக்கு இப்படி. 1 மில்லிலிட்டர் குவெட், 1 சென்டிமீட்டர் பாதை, 20 நானோகிராம் நொதி (சுமார் 1.4 நானோமோலார்). நிமிடத்துக்கு உறிஞ்சல் 0.060 ஏறுகிறது என்று வையுங்கள். மோலார் உறிஞ்சல் கெழு 13,600. 0.060ஐ 13,600ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 4.4 மைக்ரோமோலார், அதாவது அந்தக் குவெட்டில் 4.4 நானோமோல். 20 நானோகிராமால் வகுத்தால் மில்லிகிராமுக்கு நிமிடத்துக்கு 220 மைக்ரோமோல். 14 கிலோடால்டனால் பெருக்கி 60ஆல் வகுத்தால், ஒரு நொதி மூலக்கூறு நொடிக்கு சுமார் 51 வெட்டு. 96 குழித் தட்டில் படித்தால் பாதை நீளம் 1 சென்டிமீட்டர் இருக்காது; அதைத் திருத்தாமல் எழுதும் எண்ணுக்கு மதிப்பில்லை.

இரண்டு வெற்று ஓட்டம் தேவை: நொதி இல்லாதது, லிப்பிட் இல்லாதது. இரண்டாவதைப் பலரும் விட்டுவிடுவார்கள். சீரம் போன்ற மாதிரிகளில் அல்புமினின் தயோலே எல்மனோடு வினைபுரிந்து மஞ்சளாக்கும். மாதிரியில் டைதயோத்ரைட்டாலோ மெர்காப்டோஎத்தனாலோ இருந்தால் இந்த முறையையே கைவிடுங்கள்.

இங்கே லிப்பிட் மைசெல்லில் இருக்கிறது, சவ்வில் இல்லை. டிரைட்டன் அளவைக் கூட்டினால் மேற்பரப்பில் லிப்பிடின் அடர்த்தி குறைந்து வேகம் விழும். மொத்தச் செறிவு மாறாதபோதும் விழும். ஆகவே ஒரு மாதிரியில் நொதி எவ்வளவு இருக்கிறது என்று அறிய இந்த முறை நல்லது. ஒரு வகை நொதிக்கு எந்தச் சவ்வு பிடிக்கும் என்று அறிய உதவாது.

அளந்து பார்த்தல்: லைபோசோம் முறை

குளோரோபார்மில் உள்ள லிப்பிடை நைட்ரஜனால் மெல்லிய படலமாக உலர்த்தி, வெற்றிடத்தில் குறைந்தது 2 மணி நேரம் வையுங்கள். லிப்பிடின் உருகு வெப்பநிலைக்கு மேலே வைத்து பஃபர் ஊற்றுங்கள். 5 முறை உறைய வைத்து உருக்குங்கள். 100 நானோமீட்டர் பாலிகார்பனேட் சவ்வு வழியே 11 முறை தள்ளுங்கள். ஒற்றைப்படை எண் ஏன் என்றால், முடிவில் கரைசல் எதிர்ப்பக்க ஊசிக்குப் போயிருக்க வேண்டும். தொடங்கிய ஊசியில் தள்ளுப்படாத பெரிய குமிழிகள் தங்கியிருக்கும்.

இப்போது எண்ணிக்கை. 100 நானோமீட்டர் விட்டமுள்ள குமிழியின் வெளிப்பரப்பு சுமார் 31,400 சதுர நானோமீட்டர்; 0.65ஆல் வகுத்தால் 48,000 லிப்பிட். உட்படலத்தில் சுமார் 41,000. மொத்தம் 90,000க்குச் சற்றுக் குறைவு. 100 மைக்ரோமோலார் லிப்பிட் என்றால் குமிழிகளின் செறிவு 1.1 நானோமோலார்.

இதில் 0.11 நானோமோலார் நொதி போடுங்கள், அதாவது பத்துக் குமிழிக்கு ஒன்று. சவ்வு முழுவதும் எதிர்மின் லிப்பிட், உப்பு மிகக் குறைவு, நொதி சறுக்கும் நிலை. புவாசான் பரவலின்படி சுமார் 9.5 சதவீதக் குமிழிகளில் மட்டும் நொதி இருக்கும். அவற்றின் வெளிப்படலம் மட்டும் வெட்டுண்ணும். அது மொத்த லிப்பிடில் 54 சதவீதம். ஆக வினை சுமார் 5 மைக்ரோமோலாரில் நின்றுவிட வேண்டும். ஒரு நொதி நொடிக்கு 300 வெட்டு என்று கொண்டால், தன் குமிழியின் 48,000ஐயும் முடிக்க 160 நொடிக்குக் கொஞ்சம் கூட ஆகலாம்.

நின்றபின் புதிய லைபோசோமைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்றும் நடக்காவிட்டால் நொதி தன் குமிழியிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது; சறுக்கல் உறுதி. புது நொதி போட்டால் மறுபடி ஓடும். மாறாக 5ஐத் தாண்டி 20, 30 என்று ஏறிக்கொண்டே போனால் மூன்றில் ஒன்று: நொதி தாவுகிறது, குமிழிகள் ஒன்றோடொன்று இணைகின்றன, அல்லது லிப்பிட் குமிழிக்குக் குமிழி இடம்மாறுகிறது. செரின் லிப்பிடில் கால்சியம் குமிழிகளை ஒட்டி இணைத்துவிடும். ஒளிச்சிதறலில் அளவை முன்னும் பின்னும் சரிபாருங்கள். இவ்வளவு சிக்கனமான சோதனையைப் பலர் செய்யாமல் விடுவது வருத்தத்துக்குரியது. ஒட்டுவதையும் வெட்டுவதையும் பிரித்துக் காட்டுவதில் இதற்கு இணை குறைவு.

வெளியேறும் புரோட்டானை பி.எச். 8இல் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டி அளப்பது பழைய முறை, இன்றும் நம்பகமானது. கரியமில வாயு கரையாமல் நைட்ரஜன் ஓடவிட வேண்டும், பஃபர் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

நிறுத்துவதும் பிரித்துப் பார்ப்பதும்

கொதிக்கவைத்து நிறுத்தலாம் என்று எண்ண வேண்டாம். டைசல்பைடுகளால் கட்டப்பட்ட இந்த நொதி சூட்டைத் தாங்கி, ஆறியதும் வேலையைத் தொடரலாம். நிறுத்த வேண்டியது கால்சியத்தை. 10 மில்லிமோலார் கால்சியத்துக்கு, அதைப் பிடித்துவைக்கும் இ.டி.டி.ஏ. 30 முதல் 50 மில்லிமோலார், முன்கூட்டியே பி.எச். 8க்குச் சரிசெய்தது. இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடிக்கும்போது புரோட்டானை விடும், பி.எச். சரியும். பி.எச். சாயத்தால் வேகம் அளப்பவருக்கு இது கடைசி நிமிட வெடிப்புபோல் தோன்றும்.

பிரித்தெடுக்க: 0.8 மில்லிலிட்டர் மாதிரிக்கு 1 மில்லிலிட்டர் குளோரோபார்ம், 2 மில்லிலிட்டர் மெத்தனால், ஒரே கட்டமாகும். பிறகு 1 குளோரோபார்ம், 1 நீர். நீரைச் சற்று அமிலமாக்கினால்தான் கொழுப்பு அமிலம் முழுதும் கீழ்க் கட்டத்துக்கு வரும். சிலிக்காத் தட்டில் குளோரோபார்ம், மெத்தனால், நீர் 65:25:4 விகிதத்தில் ஓட்டினால் கொழுப்பு அமிலம் முகப்பை ஒட்டியும், கோலின் லிப்பிட் நடுவுக்குக் கீழும், லைசோ வடிவம் அடியிலும் நிற்கும். அயோடின் ஆவி நிறைவுறா வால்களையே நன்றாகக் காட்டும். பால்மிட்டிக் அமிலம் மங்கும். அதைக் காணவில்லை என்பதால் வெட்டே இல்லை என்று முடிவுகட்டாமல், லைசோ புள்ளியை, பாஸ்பேட்டைக் காட்டும் மாலிப்டினம் நீலத்தால் பாருங்கள்.

என்ன தப்பாகும், ஏன்

நேற்று ஓடிய நொதி இன்று பாதி: நானோமோலார் செறிவில் புரதம் குழாயின் சுவரில் ஒட்டிக் காணாமல்போகும். குறைவாக ஒட்டும் குழாய் வேண்டும். அல்புமினை நீர்ப்பு பஃபரில் மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் சேர்ப்பதும் வழக்கம். கொழுப்பு அமிலம் நீக்கப்பட்ட அல்புமினாக இருக்கட்டும். ஆனால் அல்புமின் நடுநிலைப் பார்வையாளர் கிடையாது. வெட்டுண்ட கொழுப்பு அமிலத்தையும் லைசோவையும் சவ்விலிருந்து உறிஞ்சும். மந்தநிலையை ஆராய்கிறவர் அதைச் சேர்த்தால், ஆராய வந்ததையே துடைத்துவிட்டார்.

மந்தநிலை ஒருநாள் 10 நிமிடம், மறுநாள் 1 நிமிடம்: பழைய லிப்பிட். புட்டியிலேயே தானாக நீராற்பகுந்து லைசோவும் கொழுப்பு அமிலமும் சேர்ந்திருக்கும், அல்லது வால்கள் ஆக்சிஜனேறியிருக்கும். இரண்டும் நொதியை வரவேற்பவை. ஒவ்வொரு தொகுதியையும் நொதி போடும் முன்பே தட்டில் ஓட்டிப் பாருங்கள்.

தேனீ நொதி சிவப்பணுவை நொடியில் உடைக்கிறது: சந்தேகப்பட வேண்டியது மெலிட்டினை. தேனீ நஞ்சின் உலர் எடையில் பாதியை ஒட்டி அதுதான். தூய்மைப்படுத்தலில் துளி மிஞ்சினாலும் நொதியோடு சேர்ந்து சவ்வைக் கிழிக்கும். இ.டி.டி.ஏ. போட்டும் உடைந்தால் நொதி குற்றவாளி அல்ல.

2ஏ வகை செயலற்றது என்று முடிவு: கோலின் லைபோசோமில் சோதித்திருப்பீர்கள். 20 முதல் 30 மோல் சதவீதம் பாஸ்பாடிடில்கிளிசரால் கலந்து மறுபடி பாருங்கள்.

வேகம் ஏறிப் பின் கரைசல் கலங்குகிறது: கொழுப்பு அமிலமும் கால்சியமும் சேர்ந்து சோப்பாகிறது. ஒளி உறிஞ்சலை நம்புவதை அந்தப் புள்ளியோடு நிறுத்துங்கள்.

தடுப்பான் தரவைப் படிக்கும்போது

செல் சாற்றில் அளந்த வேகம் சுரக்கப்படும் நொதியுடையதுதானா என்று முதலில் பாருங்கள். டைதயோத்ரைட்டாலில் முன்கூட்டி ஊறவைத்தால் இது சாகும். செல்லுக்குள் இருக்கும் 4ஏ வகை சாகாது. 4ஏ மைக்ரோமோலார் கால்சியத்திலேயே சவ்வுக்கு வந்துவிடும், அரக்கிடானிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைத் தேர்ந்தெடுத்து வெட்டும். சுரக்கப்படும் வகைகளுக்கு அந்தத் தேர்வு அவ்வளவாக இல்லை. 6ஆம் வகைக்குக் கால்சியமே தேவையில்லை.

பிறகு பெரிய பொறி. நீர் வெறுக்கும் எந்தச் சேர்மத்தைப் போட்டாலும் வேகம் குறைவதாகத் தெரியும். சேர்மம் சவ்வுக்குள் புகுந்து மின்சுமையையும் அடுக்கையும் மாற்றி நொதியை உதிர்த்திருக்கலாம். வெட்டும் இடத்தை அது தொட்டே இருக்காது. பழைய இலக்கியத்தில் தடுப்பான் என்று பெயர் வாங்கிய பல பொருள்கள் இந்த ரகம். வாரெஸ்பிளாடிப் போல கால்வாய்க்குள் உட்கார்ந்து கால்சியத்தைத் தொடும் சேர்மங்கள் வேறு இனம். அது இதய நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில் பயன் தராததால் 2012இல் நிறுத்தப்பட்டது. பின்னாளில் பாம்புக்கடிக்கான மருந்தாக மனிதச் சோதனைக்கு வந்தது.

இரண்டையும் பிரிக்க, சறுக்கும் நிலையிலுள்ள எதிர்மின் லைபோசோமில் சோதியுங்கள். அங்கே நொதி உதிர இடமில்லை. உதிர்ப்பதால் மட்டும் தடுக்கும் சேர்மம் அங்கே பல்லிழந்துவிடும். வெட்டும் இடத்தைப் பிடிக்கும் சேர்மம் தொடர்ந்து தடுக்கும். இன்னொரு சரிபார்ப்பு: சவ்வில் புகுந்த சேர்மத்துக்கும் லிப்பிடுக்கும் உள்ள விகிதத்தை மாற்றாமல் இரண்டின் செறிவையும் இரட்டிப்பாக்குங்கள். உண்மையான தடுப்பானாக இருந்தால் தடுக்கும் சதவீதம் அப்படியே நிற்கும். ஆகவே முடிவை எழுதும்போது மைக்ரோமோலாரோடு மோல் சதவீதத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.